எஃப்-150க்கு ஆன்லைனில் காயில் வாங்கி ஏமாந்தேன்

ஹூஸ்டனில் நான் ஓட்டுவது 2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள வி8, அதாவது எட்டு சிலிண்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,30,000 மைல் தாண்டிவிட்டது. போன வசந்தத்தில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. ஸ்கேனரை மாட்டினால் பி0304, அதாவது நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. தீப்பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் எல்லாம் மாற்ற ஒரு கடையில் 1,100 டாலர் கேட்டார்கள். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். ஊரில் பிக்கப் ஓட்டும் மாமாவிடம் போனில் சொன்னபோது, "என்னோடது டீசல் மாப்ள, பிளக்கே கிடையாது" என்று சிரித்தார்.

இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குப் பயம் எல்லாம் பிளக்கில்தான். 2004 முதல் 2008 வரை வந்த வண்டிகளில் பிளக் இரண்டு துண்டாகச் செய்தது. அடியில் நீளமாக ஒரு மெல்லிய குழாய் இருக்கும், அதைச் சுற்றிக் கரி இறுகிவிடும். அவசரப்பட்டுத் திருகினால் மேல்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி எஞ்சின் ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். இதற்காகவே ஃபோர்டு ஒரு தனிச் செய்முறை வெளியிட்டது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அரைக்கால் சுற்று மட்டும் தளர்த்தி, குழிக்குள் கார்புரேட்டர் கிளீனர் விட்டு, 15 நிமிடம் காத்திருந்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் கீச்கீச்சென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், உயிரே போய்விடும். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. எட்டும் முழுசாக வந்தன. புது பிளக்குகளை டீலர் கவுன்டரிலேயே காசு கொடுத்து வாங்கியிருந்தேன். அடிக்குழாயில், இறுகாமல் தடுக்கும் நிக்கல் ஆன்டிசீஸ் பசையைப் பூசி, மரையில் படாமல் பார்த்து, டார்க் ரெஞ்சில் 34 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கினேன்.

இவ்வளவு கவனமாக இருந்தவன் கோட்டை விட்டது காயிலில்.

டீலரிடம் ஒரு காயில் 70 டாலருக்குக் குறையாது. ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் எட்டையும் சேர்த்து 139 டாலருக்குப் போட்டிருந்தார். தலைப்பில் 'அசல் மோட்டார்கிராஃப்ட் டிஜி-511' என்று இருந்தது. மோட்டார்கிராஃப்ட் என்றால் ஃபோர்டின் சொந்த பாக பிராண்டு. படத்தில் ஒருவர் பெட்டியைக் கையில் பிடித்திருந்தார், ஓரத்தில் நகம் கறுத்த கட்டைவிரல். மெக்கானிக் கை என்று அதையே ஒரு நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். பழசில் கெட்டது ஒன்றுதான், எட்டையும் மாற்றத் தேவையே இல்லை. 'செட்' என்ற வார்த்தைக்கு மயங்கிவிட்டேன்.

காயிலைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஆளுக்கு ஒரு 7 எம்எம் போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். மாட்டியதும் எஞ்சின் பட்டுப் போல ஓடியது. இரண்டு வாரம்தான். நண்பர் வீடு மாறுகிறார் என்று சோபாவை ஏற்றிக்கொண்டு ஐ-10ல் கேட்டி பக்கம் போகும்போது வண்டி உதற ஆரம்பித்தது, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அந்த விளக்கு மின்னினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், அதன் விலை காயில் விலை இல்லை. ஓரங்கட்டி, டோ வண்டி பிடித்து வீடு வந்தேன்.

இப்போது பி0307. ஏழாவது காயிலைக் கழற்றி ஐந்தாவதில் மாட்டி, ஐந்தாவதை ஏழில் வைத்தேன். கோட் பி0305 ஆக மாறியது. காயில் போன இடத்துக்கெல்லாம் மிஸ்ஃபயரும் கூடவே போகிறது, அப்புறம் என்ன சந்தேகம்? நான்கே நாளில் இரண்டாவது சிலிண்டரும் படுத்தது. ஒன்றைக் கழற்றி டீலர் கவுன்டருக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் அசலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். என்னுடையது கையில் எடுத்தாலே லேசாக இருந்தது, எழுத்துகள் மழுங்கியிருந்தன, அசலில் இருந்த தேதிக் குறியீடு இதில் இல்லை. "இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது ஆள்" என்றார்.

விற்பனையாளருக்கு எழுதினேன். வண்டியில் மாட்டிய மின்பாகத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில். போலி என்றேன். மெக்கானிக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள். அதையும் 95 டாலர் கொடுத்து வாங்கி அனுப்பினேன். அதற்குள் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம், 20 டாலர் தருகிறோம், புகாரை மூடுங்கள் என்றார்கள். விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'அசல்' என்ற சொல்லையே காணோம், 'டிஜி-511க்கு மாற்று' என்று இருக்கிறது. வாங்கிய அன்று அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. அது இல்லாததால் கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தும் தோற்றேன். நீங்கள் எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு அதிர்ஷ்டம். பழைய காயில்களை ஒரு வாளியில் போட்டு கராஜ் மூலையில் வைத்திருந்தேன். "இந்தக் குப்பையை எப்போ எடுப்பீங்க?" என்று வீட்டில் தினமும் திட்டு. அதிலிருந்து நல்லதாக ஏழு காயிலை எடுத்துத் துடைத்து, ரப்பர் பூட்டில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினேன். நான்காவதுக்கு மட்டும் டீலரிடம் ஒன்று வாங்கினேன். ஐந்து மாதமாக ஒரு குறையும் இல்லை. வாளி இன்னும் அங்கேயே இருக்கிறது, இப்போது அதில் போலி எட்டு.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். விற்பனையாளர் பெயர் வேறு, விலை 129 டாலர், தலைப்பில் மறுபடியும் 'அசல்'. படம் அதேதான், அதே கறுத்த நகம்.