அனிமேஷன் வேலையை வெளியே கொடுக்கிறீர்களா? பிளெண்ட் ஃபைல் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நாலு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியின் கதை. ஸ்டோரிபோர்டு, பாட்டியின் மாடல், தெரு, லாரி எல்லாம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நாங்களே செய்தோம். அதில் செய்யும் வேலையின் மூல ஃபைல்தான் பிளெண்ட் ஃபைல். பிளெண்டர் இலவசம் என்பதால் அதுவரை கைக்காசு பெரிதாகக் கரையவில்லை. பாட்டியை நடமாட வைப்பதுதான் எங்களுக்குக் கைவரவில்லை. அதனால் ரிக்கிங் (மாடலை அசைக்க உள்ளே எலும்புக்கூடு பொருத்துவது), அனிமேஷன், ரெண்டர் (காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் படமாக்குவது) மூன்றையும் சென்னையில் ஒரு ஸ்டுடியோவிடம் கொடுத்தோம். ஸ்டுடியோ என்றால் ஒருவர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வாட்ஸ்அப் எண்.

"எல்லாமே கீஃப்ரேம் அனிமேஷன் தம்பி, ஒவ்வொரு அசைவும் கையால பண்றது" என்றார். நொடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார்.

பிரிவியூ வந்தது. இடுப்பில் குடத்தோடு வர வேண்டிய பாட்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஃபேஷன் ஷோ மாடல் மாதிரி ஒய்யாரமாக நடந்து வருகிறாள். குடம் பக்கத்திலேயே அந்தரத்தில் மிதந்து வருகிறது. கை முந்தானைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எங்களில் ஒருவனுக்கு அந்த நடையை எங்கேயோ பார்த்த ஞாபகம். ரெடிமேட் அசைவுகள் கிடைக்கும் அடோபியின் மிக்ஸமோ தளத்துக்குப் போய், எங்கள் பாட்டி மாடலையே ஏற்றி, அங்கிருக்கும் பெண் நடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது. இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் கால் வைக்கும் ஃபிரேம்கூட மாறவில்லை. மிக்ஸமோவைப் பயன்படுத்துவது தப்பே இல்லை. ஓசியில் கிடைக்கிறது, விற்கும் படத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கைவேலை என்று சொல்லி நொடிக்கணக்கில் காசு வாங்குவதற்குப் பெயர் வேறு.

கேட்டதும் பேச்சு மாறியது. "கரெக்‌ஷனுக்குத் தனி சார்ஜ்." சரி, பிளெண்ட் ஃபைலையும் ரெண்டர் ஃபிரேம்களையும் கொடுங்கள், மீதியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றோம். "அது எங்க ஐபி (அறிவுசார் சொத்து), வெளிய தர மாட்டோம்" என்று ஒரு எம்பி4 மட்டும் அனுப்பினார். ராத்திரி வானம் முழுக்கப் பட்டை பட்டையாக இருந்தது, ஃபைல் அளவைக் குறைக்க அவ்வளவு அமுக்கி வைத்திருந்தார்.

எம்பி4 மட்டும் கையில் இருந்தால் என்ன சிக்கல் என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நாலு நிமிடத்துக்கு 5,760 ஃபிரேம். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய 5 நிமிடம் என்று வைத்தாலும், ஒரே மெஷினில் 20 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக இருக்கும் பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் வரிசையும் மூல ஃபைலும் இருந்தால் கெட்டுப்போன ஃபிரேம்களை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து சொருகிவிடலாம். இல்லாவிட்டால் அந்த ஷாட்டுக்கு ரிக்கிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு நடுவில் எங்கள் பாட்டி அவருடைய இன்ஸ்டாகிராம் ஷோரீலில் (வேலையைக் காட்டும் மாதிரி வீடியோவில்) "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று வலம் வந்தாள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. தேதியோடு இருந்த மாடல் ஃபைல்களைக் காட்டிப் புகார் செய்ததும் வீடியோ தூக்கப்பட்டது. அட்வான்ஸ் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. பாக்கியை நாங்கள் கொடுக்கப்போவதில்லை.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் பணம் போடுவதற்கு முன் ஒரு சின்ன ஷாட்டைச் செய்து, அதன் பிளெண்ட் ஃபைலோடு தரச் சொல்லுங்கள். திறந்து, எலும்புகளின் பெயரைப் பாருங்கள். மிக்ஸமோவிலிருந்து இறக்கியது என்றால் "மிக்ஸமோரிக்" என்றுதான் பெயர் தொடங்கும். பெயரை மாற்றியிருந்தாலும் டைம்லைனில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ (அசைவின் நிலையைப் பதிந்து வைக்கும் புள்ளி) நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கையால் செய்பவர்கள் பெரும்பாலும் அப்படி வைப்பதில்லை. எங்கள் ஆள் ஃபைலைத் தர அவ்வளவு முரண்டு பிடித்தது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.