உச்சிப்புளி வீட்டில் 7 வருட அடேனியம்

கடைக்காரர்கள் இதைப் பாலைவன ரோஜா என்று விற்கிறார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது, நம் அரளியின் குடும்பம் இது. ஆப்பிரிக்காவின் வறண்ட சாகேல் நிலமும் தென் அரேபியாவும்தான் சொந்த மண். ஏமனின் ஏடனை வைத்து வந்த பெயர்தான் அடேனியம். சொகோத்ரா தீவில் மட்டும் வளரும் அபூர்வ வகை, பாறைகளுக்கிடையே மரமாகவே பருத்து நிற்கும். என்னிடம் இருப்பது சாதாரண வகை.

முதல் செடி 5 மாதத்தில் போய்விட்டது. வெயிலால் இல்லை, கார்த்திகை மழையால். வாங்கியபோது இருந்த தென்னைநார்க் கழிவிலேயே விட்டிருந்தேன். ஈரம் தேங்கி, பருத்த அடித்தண்டு அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்கு அழுகிவிட்டது. அன்று நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது செடிக்கு ஆற்று மணல் 2 பங்கு, செங்கல் உடைசல் 1 பங்கு, மட்கிய சாணம் 1 பங்கு. கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், உப்பு. எங்கள் கிணறும் சவர்தான். அதை ஊற்றியபோது இலை நுனி கருகியது. அப்புறம் சேமித்த மழைத்தண்ணீருக்கு மாறினேன். கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுவேன். ஐப்பசி முதல் மார்கழி வரை தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுவேன். அப்போது இலை கொட்டினால் பதறித் தண்ணீர் ஊற்றக் கூடாது, செடி ஓய்வெடுக்கிறது. பங்குனி வெயிலில் ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கும்.

ஒருமுறை அழுகல் தெரிந்ததும் கெட்டியான வெள்ளைத் தசை வரும்வரை சீவி, மஞ்சள் தூள் தடவி, நிழலில் 10 நாள் காயவைத்து நட்டேன். பிழைத்துக்கொண்டது.

வெட்டும்போது பால் கையில் படக் கூடாது. இதயத்தைத் தாக்கும் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கைவைத்தியம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குழந்தைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் வரும். வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் கச்சான் காற்றில் பறந்துவிடும், அதனால் முன்பே நூல் சுற்றிவிடுகிறேன். புது விதை ஒரு வாரத்தில் முளைக்கிறது. குச்சி நட்டாலும் வேர் பிடிக்கும், ஆனால் அடி அவ்வளவாகப் பருக்காது. எனக்குப் பூவைவிட அந்த அடிதான் பிடித்திருக்கிறது.