‘கார்டு கடனைப் பாதியாக்கித் தருகிறோம்’ என்று ஃபோன் வந்தால்

இரண்டு கிரெடிட் கார்டு பாக்கியைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி எட்டு மாதம் ஏமாந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. நாளைக்கே வேறு பெயரில் கடை போடுவார்கள். பேசும் பேச்சு மட்டும் மாறாது, அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

கடன் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில மாதம் வேலையில்லை, வீட்டுச் செலவு கார்டில் ஓடியது. வேலை கிடைத்த பிறகும் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்ன வட்டி. வட்டிக்கு வட்டி சேரும்போது அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. முழு பாக்கியும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஃபோன் வந்தது. முதல் அழைப்பில் ‘மேடம்’. இரண்டாவது அழைப்பில் ‘அக்கா’.

“அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு கார்டுக்கும் ஒண்ணுமே கட்டாதீங்க. நீங்க கட்டிக்கிட்டே இருந்தா பேங்க் ஏன் இறங்கி வரப்போகுது? அவங்க கூப்பிட்டா எடுக்காதீங்க, எல்லாம் நாங்க பேசிக்கிறோம். கட்டுற பணத்தை எங்க கணக்குல போட்டுட்டு வாங்க. சேர்ந்ததும் மொத்தமா குடுத்துப் பாதியில முடிச்சுடலாம்.”

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் விழுந்தேன். ஒழுங்காகக் கட்டுபவருக்கு எந்த வங்கியும் அசலைத் தள்ளுபடி செய்யாது. பல மாதம் நிலுவையில் போய், வருமா வராதா என்ற சந்தேகம் வந்த பிறகுதான் செட்டில்மென்ட், அதாவது குறைத்து வாங்கிக் கணக்கை முடிப்பது பற்றிப் பேசுவார்கள். அதுவரை ஏறும் வட்டியும் தாமதக் கட்டணமும் யார் தலையில் என்பதை மட்டும் தம்பி சொல்லவில்லை.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. நான் அவர்களிடம் சேரும் நாளில் இருக்கும் மொத்தக் கடனில் 20 சதவீதம் அவர்கள் கட்டணம். கடைசியில் மிச்சப்படும் தொகையில் ஒரு பங்கு தனி. கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5 வீதம் போட்டேன். முதல் நான்கு மாதப் பணம் அப்படியே கட்டணத்துக்குப் போய்விட்டது. எட்டாவது மாதம் என் பெயரில் சேர்ந்திருந்தது வெறும் 20. அதே எட்டு மாதத்தில் வட்டி மட்டுமே சேர்ந்து 100 என்பது 126 ஆகியிருந்தது, தாமதக் கட்டணம் வேறு. அவர்கள் சொன்னபடி பாதியில் முடிந்திருந்தால்கூட 63, அவர்கள் கட்டணம் 20, ஆக 83. இதற்குப் பாதி என்று பெயர்.

ஐந்தாம் மாதம் வசூல் ஆட்கள் அலுவலகத்துக்கே ஃபோன் செய்தார்கள். ஆறாம் மாதம் வக்கீல் நோட்டீஸ். பதறிப்போய்க் கூப்பிட்டால், “நல்லதுக்குத்தான் அக்கா, சீக்கிரமே ரைட் ஆஃப் பண்ணிடுவாங்க” என்றான். ரைட் ஆஃப் என்றால் கடன் போய்விட்டது என்று நினைத்தேன். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் வேலை. நாம் கட்ட வேண்டியது அப்படியே நிற்கும், அவர்கள் அதை வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். அதன் பிறகு ‘அக்கா’ நின்று, “உங்க கேஸ் பிராசஸ்ல இருக்கு” என்பது மட்டும்தான் பதில்.

எட்டாவது மாதம் அலுத்துப்போய் முதல் கார்டு வங்கியின் அழைப்பை எடுத்துவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் நிதானமாகப் பேசினார். “உங்க சார்பா யாரும் எங்ககிட்ட பேசலையே மேடம். மூணாவது மாசம் ஒரு லெட்டர் வந்துருக்கு, அவ்வளவுதான்.” பிறகு சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: “கட்ட முடியாதுன்னு முதல் மாசமே சொல்லியிருந்தா வட்டியைக் குறைச்சுத் தவணையா மாத்தியிருப்போமே.”

அந்த வங்கியோடு நானே பேசினேன். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வருமானம், வாடகை, கையில் இருக்கும் தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இவ்வளவுதான் முடியும் என்றேன். அவர்கள் பாக்கியில் 75 சதவீதம் கேட்டார்கள், நான் 40 என்றேன். மூன்று அழைப்பில் 55க்கு வந்தது. பேசியவர் பெயர், தேதி, நேரம் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டேன். அந்தத் தொகையோடு முடித்துக்கொள்கிறோம் என்ற வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு பணம் கட்டினேன்.

இரண்டாவது கார்டில் சறுக்கினேன். அது ஏற்கெனவே வசூல் ஏஜென்சிக்குப் போயிருந்தது. “இன்னைக்கே கட்டினா பாதியில முடிச்சுடலாம், லெட்டர் பின்னாடியே வரும்” என்றார் அங்கிருந்தவர். மாதக் கடைசி, அவருக்கு டார்கெட். எனக்கு முடிந்தால் போதும் என்ற அவசரம். கட்டினேன். லெட்டர் வரவில்லை. அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அது வெறும் பகுதித் தொகையாக வரவு வைக்கப்பட்டிருந்தது, மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி பேசி முடிப்பதற்குள் இன்னொரு 15 சதவீதம் போனது.

ஆகவே, கடிதம் கையில் வராமல் பணம் போகக் கூடாது. கடன் கொடுத்தவரின் கடிதமாக இருக்க வேண்டும். கார்டின் கடைசி எண்கள், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இதைக் கட்டினால் மீதி எதுவும் கேட்கமாட்டோம் என்ற வாசகம் நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வங்கியின் கணக்குக்குத்தான் போக வேண்டும், எந்தத் தனிநபர் கணக்குக்கும் அல்ல. கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குறைத்து முடித்த கடன், நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘முழுவதும் கட்டியது’ என்று ஏறாது, ‘செட்டில்டு’ என்றுதான் ஏறும். அடுத்த கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தள்ளுபடியான தொகையை வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்கும் நாடுகளும் உண்டு. சம்பளம் ஒழுங்காக வருகிறவர்கள் தள்ளுபடி கேட்பதற்கு முன், வட்டிக் குறைப்போ தவணை மாற்றமோ கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் பொருந்தியிருக்கும்.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது: அமெரிக்காவில் ஃபோனில் ஆள் பிடிக்கும் இத்தகைய நிறுவனங்கள், ஒரு கடனையாவது முடித்துக் கொடுப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. விதி போடும் அளவுக்கு அங்கே என்னைப் போல எத்தனை பேரோ!

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. இரண்டு கார்டும் முடிந்ததற்கு வாழ்த்துச் சொல்லி, மிச்சப்பட்ட தொகையில் தங்கள் பங்கு இன்னும் வரவில்லை என்று ஒரு பில்லையும் இணைத்திருந்தார்கள்.