ஷாமன் வேலையை இன்றைக்கு மேற்கில் யார் பார்க்கிறார்?

ஷாமன் என்ற சொல் சைபீரியாவின் எவென்கி மக்களுடையது, ரஷ்ய மொழி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நம் ஊர்க் கோடாங்கி மாதிரியா என்றால் பாதிதான். கோடாங்கி மேல் சாமி வந்து இறங்கும். சைபீரிய ஷாமனோ பெரும்பாலும் தானே கிளம்பிப் போவார், தப்பட்டை மாதிரி ஒரு வட்டத் தோல்கருவியைக் குதிரையாகப் பாவித்து, வழிதவறிய நோயாளியின் உயிரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர. அதனால் யாரை ஒப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: போய் வந்தது யார்?

எல்லோரும் முதலில் சொல்வது மனநல தெரபிஸ்ட். மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949-லேயே இதை எழுதிவிட்டார். பனாமாவின் குனா மக்களிடம் பிரசவம் சிக்கலானால் வைத்தியர் பாடும் ஒரு நீண்ட பாட்டு உண்டு, கருப்பைக்குள்ளேயே பயணம் போவதாக. அதையும் ஃபிராய்ட் வழி உளப்பகுப்பாய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், ஒரு தலைகீழையும் கவனித்தார்: அங்கே வைத்தியர் பேசுகிறார், இங்கே நோயாளி பேசுகிறார். (பேச்சு முழுக்க வைத்தியரிடமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சங்கப் பாட்டு வேலன் சாட்சி. பெண்ணுக்கு வந்தது காதல் என்று தோழிக்குத் தெரியும், இவர் முருகன் மேல் பழியைப் போட்டு வெறியாடிக் கொண்டிருப்பார்.) ஒரு பொருத்தம் மட்டும் நிஜம். ஷாமன் ஆகிறவர் பல இடங்களில் முதலில் தானே நோயில் விழுந்து எழுந்தவர். உளப்பகுப்பாய்வாளர் ஆக வேண்டுமானாலும் முதலில் தானே நோயாளி மாதிரி சோபாவில் படுத்தாக வேண்டும், 1920களிலிருந்து அதுதான் விதி. மற்றபடி மூடிய கதவு, 50 நிமிடக் கணக்கு, பரம ரகசியம். உறவும் அக்கம்பக்கமும் சுற்றி உட்கார்ந்திருக்க நடக்கும் சடங்குக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அடுத்து சர்ஜன். சிரிக்காதீர்கள். கனடாவின் மேற்குக் கரையில் குவாக்கியூட்ல் மக்களிடையே கெசலிட் என்று ஒருவர். ஷாமன்கள் எல்லாம் ஃபிராடு, அதை வெளியே கொண்டுவருகிறேன் என்று அவர்களிடமே தொழில் கற்கப் போனார். கற்றுக்கொண்ட வித்தை இது: வாயோரத்தில் ஒரு துணுக்கு மென்தூவியை (பறவையின் மெல்லிய இறகு) ஒதுக்கிக்கொள், நாக்கைக் கடித்து ரத்தத்தில் நனை, நோயாளியின் உடம்பை உறிஞ்சுவது போல் உறிஞ்சிவிட்டுத் துப்பிக் காட்டு, இதுதான் உன் நோய் என்று சொல். வேடிக்கை என்னவென்றால் நோயாளிகள் குணமானார்கள், இவருக்குப் பேரும் புகழும் வந்தது. இதை மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் பதிப்பித்திருக்கிறார்.

சரி, இப்போது அமெரிக்காவின் ஹூஸ்டன். மூட்டுத் தேய்மானத்துக்கு முட்டிக்குள் சிறு கேமரா விட்டுச் சுத்தம் செய்யும் ஆபரேஷன் அப்போது அங்கே சர்வ சாதாரணம். 180 பேரை எடுத்து, சிலருக்கு நிஜ ஆபரேஷன், சிலருக்கு நடிப்பு ஆபரேஷன் என்று செய்து பார்த்தார்கள். நடிப்பில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் மட்டும். சர்ஜன் வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்குவார், உள்ளே கழுவுகிற சத்தம் கேட்க வேண்டுமே என்று நீரைத் தெளிக்கக்கூடச் செய்தார்கள். 2002-ல் வந்த முடிவு: இரண்டு வருடம் பார்த்தும் நிஜம் நடிப்பை மிஞ்சவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கும் கெசலிட்டின் தூவிக்கும் என்னால் பெரிய வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எல்லா ஆபரேஷனும் இப்படி என்று சொல்லவில்லை, குடல்வால் வெடித்தால் நான் சர்ஜனிடம்தான் ஓடுவேன். ஆனால் போய் வருவது நோயாளி, மயக்க மருந்தில். சர்ஜன் இங்கேயேதான் நிற்கிறார்.

இப்போதைய ஃபேஷன் காளான் அமர்வு, அதாவது மாயக் காட்சி தரும் காளானைச் சாப்பிட வைத்து, ஒருவர் கூட உட்கார்ந்து நடத்துவது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020-ல் ஓட்டெடுப்பில் அனுமதித்து, 2023-ல் மையங்கள் திறந்தன. நடத்துகிறவருக்கு 120 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் செய்முறைப் பயிற்சி, பிறகு லைசென்ஸ். பார்வைக்கு அச்சு அசல் ஷாமன். ஆனால் மெக்சிகோவின் காளான் வைத்தியர் மரியா சபினா நோயாளியோடு தானும் காளான் சாப்பிட்டு இரவெல்லாம் பாடினார். ஆரிகன்காரர் சாப்பிடுவதில்லை, கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். என் கணக்கில் இவருக்குத்தான் கடைசி இடம்.

என் ஓட்டு யாரும் யோசிக்காத ஆளுக்கு: ஆஸ்பத்திரி சேப்ளின் (சார்லி இல்லை), அதாவது மருத்துவமனையில் வேலை பார்க்கும் போதகர். குணமாக்குகிறேன் என்று அவர் சொல்வதில்லை, அது பெரிய குறைதான். ஆனால் சாவுப் படுக்கையைச் சுற்றிக் குடும்பமே நிற்கும்போது கூட நிற்பது அவர். இந்த வேலைக்கு முறையான பயிற்சியை 1925-ல் அமெரிக்காவின் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் தொடங்கிய ஆன்டன் பாய்சன், 1920-ல் தானே புத்தி பேதலித்து மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். தன் பைத்தியத்தை உள்ளுலகப் பயணம் என்றே பிற்பாடு எழுதினார். போனார், வந்தார், அப்புறம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கலிஃபோர்னியாவின் மெர்சட் ஊரில் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் அகதிகள் நிறைய. அங்குள்ள மருத்துவமனை ஒன்று ஹ்மாங் ஷாமன்களை உள்ளே விட விதிமுறை வகுத்து, ஒன்பது சடங்குகளுக்கு அனுமதி தந்தது 2009-ல் செய்தியானது. உயிரைத் திரும்பக் கூப்பிடும் சடங்கும் அதில் உண்டு, மந்திரம் மட்டும் மெல்லிய குரலில். பூவேலைச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வரும் அந்த ஷாமனுக்கு டாக்டரின் உரிமையோ தெரபிஸ்டின் உரிமையோ தரவில்லை. போதகர்களுக்கு எந்த அனுமதியோ, அதே அனுமதி.