எடிசனா, மடிப்பாக்கமா? எனக்கு ஓட்டு இருக்கும் ஊர்

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் வயதுத் தமிழர்களிடையே ஒரு பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது: சென்னைக்கே போய்விட்டால் என்ன? அமெரிக்க நிறுவனங்களின் பெரிய அலுவலகங்கள் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் வரிசையாக நிற்கின்றன. கையில் ஓசிஐ (Overseas Citizen of India) அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, இருக்கிறது. தாத்தா பாட்டி இன்னும் இருக்கிறார்கள். அப்பா அம்மா விட்டு வந்த இடத்தில் நாம் தொடங்கலாமே என்ற ஆசை பலருக்கும் உண்டு.

எனக்கும் இருந்தது. நியூ ஜெர்சியின் எடிசனில் பிறந்து வளர்ந்த நான், சில ஆண்டுகள் சென்னையின் மடிப்பாக்கத்தில் வீடு எடுத்துத் தங்கி ஓஎம்ஆரில் வேலை பார்த்தேன். இப்போது எடிசனுக்கே திரும்பிவிட்டேன். நான் எடிசன் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளமோ சாலைவசதியோ அதற்குக் காரணமில்லை.

சாலை, தூசி, வெயில், போக்குவரத்து நெரிசல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. சம்பளம் டாலர் கணக்கில் குறைந்தது, வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதைவிட அதிகமாகக் குறைந்தன. வைத்தியத்தில் சென்னைக்குத்தான் என் ஓட்டு. காலையில் காது வலித்தால் மாலையில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்து, கட்டணத்தைக் கையோடு கொடுத்துவிட்டு வரலாம். இங்கே நம் காப்பீட்டை ஏற்கும் மருத்துவர் யார் என்று தேடிப் பிடித்து, அவர் தரும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டும். பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரைதான் ஒட்டிக்கொண்டிருக்க முடியும். அதற்கப்புறம் வேலை போனால் காப்பீடும் போகும் என்ற பயம் கூடவே இருக்கும். மனிதர்கள் விஷயத்தில் ஒப்பீடே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பெரியப்பா வீட்டுக்குப் போய் நிற்கலாம். மார்கழியில் மயிலாப்பூரில் சபா சபாவாக ஏறி இறங்கலாம். பாட்டியோடு அந்த வயதில் கிடைத்த மாலைகளுக்கு ஈடாக எடிசன் எனக்கு எதையும் தந்துவிட முடியாது.

இப்படி ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டால் சென்னைதான் முந்தும். ஆனாலும் நான் திரும்பி வந்தேன். அந்த ஊரின் மேல் எவ்வளவு பாசம் வைத்தாலும், அதன் நடப்பில் எனக்குச் சட்டப்படி ஒரு சொல்லும் கிடையாது என்பதுதான் காரணம்.

ஓசிஐ என்பதில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. ஆயுளுக்கும் செல்லும் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், ஆதார்கூட எடுக்கலாம். வாக்களிக்க முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. பொதுவாக அரசு வேலை கிடையாது. பத்திரிகைத் தொழில் செய்யவும் ஆய்வு செய்யவும் தனி அனுமதி வாங்க வேண்டும். விவசாய நிலம் வாங்கக் கூடாது. எங்கள் தாத்தாவின் வயல் வாரிசாக எனக்கு வரலாம், அதை ஒட்டிய அரைக் காணியை நான் விலைக்கு வாங்க முடியாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இன்னொரு அறிவிப்பையும் வெளியிட்டது: இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றாலும், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்குக் குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் அட்டையை ரத்து செய்யலாம். குற்றப்பத்திரிகைக் கட்டத்திலேயே, தீர்ப்புக்கு முன்பே.

இதெல்லாம் எத்தனை பேரைப் பாதிக்கிறது என்று கேட்கலாம். வேலைக்குப் போய், சாப்பிட்டு, வார இறுதியில் மகாபலிபுரம் போய் வருகிறவரை ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். ஊரில் ஏதாவது ஒன்று நடந்து, அதில் தலையிட வேண்டும் என்று தோன்றும்போதுதான் உறைக்கும்.

எனக்கு உறைத்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தது. எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, கீழ்வீட்டுப் பெரியவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். தண்ணீர் வடிந்தபின் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மழைநீர் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தத் தாழ்வுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள், வரைபடம் கிடைக்குமா என்று கேட்டு எழுதலாம் என்று முடிவானது. தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான், வேலையை எடுத்துக்கொண்டேன். கடைசியில் கையெழுத்துப் போடும்போதுதான் எதிர்வீட்டு மாமா மெதுவாகச் சொன்னார்: "நீ போடாதம்மா, உன் பேர்ல குடுத்தா செல்லாது." தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்குத் தரப்பட்ட உரிமை. நான் எழுதிய மனு அவர் பெயரில் போனது. தகவல் வந்ததும் எல்லோருக்கும் படித்துக் காட்டியது நான்தான், ஆனால் பெயர் அவருடையது. அவர் சொன்ன விதத்தில் துளிக்கூடக் கடுமை இல்லை. அந்தத் தெரு என்னை வேற்றாளாக ஒருநாளும் நடத்தவில்லை. சட்டம் நடத்தியது.

அப்புறம் 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். பெரியம்மா, அண்ணன், அண்ணி, மேல்வீட்டுப் பெண் என்று எல்லோரும் வெயிலுக்கு முன்னால் வாக்குச்சாவடிக்குக் கிளம்பினார்கள். நானும் கூடப் போய் வெளியே நின்றேன். வேட்பாளர்களைப் பற்றி மாதக்கணக்கில் வீட்டில் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. அங்கே வரி கட்டினேன், அந்தத் தெருவின் வெள்ளத்தில் நின்றேன், ஆனால் யார் ஆள வேண்டும் என்பதில் எனக்கு இடமில்லை. இப்படி இன்னும் முப்பது நாற்பது வருஷம் வாழ முடியுமா என்று அன்றைக்குத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

சரி, இந்தியக் குடியுரிமையே வாங்கிவிடலாமே? வழி இருக்கிறது. ஓசிஐயாக ஐந்து ஆண்டு ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு இந்தியாவில் வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். துறந்தபின் எடிசனில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க நான் தூதரக வரிசையில் நின்று விசா கேட்க வேண்டும். நான் பிறந்த ஊருக்குப் போக, இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ராத்திரியில் நெஞ்சு வலித்தால் மறுநாள் விமானம் ஏற முடியுமா என்பது விசாவைப் பொறுத்த விஷயமாகிவிடும். என்னால் அது முடியாது. அமெரிக்கக் குடிமகளாக இருந்துகொண்டு எந்த வாரமும் சென்னைக்குப் போய் நிற்க ஓசிஐ போதும். திசை மாறினால் அந்த வசதி கிடையாது. இதை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஒரே விடைதான் வருகிறது.

எடிசனில் என்ன இருக்கிறது? பள்ளி வாரியத் தேர்தலிலிருந்து ஜனாதிபதி தேர்தல்வரை ஓட்டு இருக்கிறது. நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று வடிகாலைப் பற்றிப் பேசலாம். பொது ஆவணம் வேண்டுமென்றால் என் பெயரிலேயே ஓப்ரா (நியூ ஜெர்சியின் தகவல் அறியும் சட்டம்) படிவம் கொடுக்கலாம், ஏழு வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நியூ ஜெர்சியில் சொத்து வரி நாட்டிலேயே அதிகம், சராசரியாக ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அதில் பெரும்பகுதி பள்ளிகளுக்குப் போகிறது. அந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்று கேட்க எனக்கு முழு உரிமை உண்டு.

இங்கே எல்லாம் இனிமை என்று சொல்ல வரவில்லை. 1987இல் பக்கத்து ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்ற பெயரில் ஒரு கும்பல் இந்தியர்களைத் தேடித் தேடித் தாக்கியது. நெற்றிப் பொட்டைக் கேலி செய்து வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தக் காலத்தில் இங்கிருந்த பெரியவர்கள் சேலையில் வெளியே போகப் பயந்ததைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றும் இந்தியர்கள் மேல் வெறுப்புப் பேச்சு அடங்கவில்லை. "நீ உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்வியும் நின்றபாடில்லை. ஆனால் அன்று அஞ்சியவர்களில் பலர் நிரந்தரமாகத் தங்க மட்டும் உரிமை தரும் பச்சை அட்டையோடு, ஓட்டில்லாமல் இருந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அப்படி இல்லை. எடிசனிலேயே வளர்ந்த சாம் ஜோஷி 2022 முதல் எங்கள் ஊருக்கு மேயர். அவருடைய கொள்கையில் எனக்கு உடன்பாடு இருக்கிறதா இல்லையா என்பது வேறு. எதிர்த்து ஓட்டுப் போடவும் என்னால் முடியும், எனக்கு அது போதும்.

இந்த உரிமை சும்மா வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், பூர்வீக நாட்டுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே தடுத்து வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14வது திருத்தத்தின்படி இங்கே பிறந்தவர் குடிமகன்தான் என்று 1898இல் தீர்ப்பானது. அப்பா அம்மா ஊருக்குப் போய் வந்த ஒரு பிள்ளையின் வழக்கு அது. நான் ஒவ்வொரு முறை நூவர்க் விமான நிலையத்தில் இறங்கும்போதும் அந்தத் தீர்ப்பின் பலனைத்தான் அனுபவிக்கிறேன். 2025 ஜனவரியில் பிறப்பித்த அதிபர் ஆணை ஒன்று, எச்-1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த உரிமையை மறுக்கப் பார்த்தது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. நான் பிறந்தபோது அப்பா எச்-1பியில்தான் இருந்தார். அந்த வழக்குச் செய்திகளை என் சொந்த வழக்கு போலப் படித்தேன்.

அமெரிக்கக் குடியுரிமைக்கு ஒரு சுமையும் உண்டு, சென்னைக்குப் போக நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. எங்கே வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அமெரிக்காவில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து எந்த ஒரு நாளிலும் பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் தனியாக அறிவிக்க வேண்டும். சம்பளத்துக்குப் பெரும்பாலும் இரட்டை வரி வராது, விலக்கு இருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அமெரிக்க வரிச் சட்டம் அதைத் தண்டிக்கிற மாதிரிதான் நடத்தும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இன்னும் மோசம்: இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்காவின் 15.3 சதவீத சுயதொழில் வரி அங்கேயும் துரத்தி வரும்.

என் அளவுகோல் எல்லோருக்கும் இதே விடையைத் தராது. ஈழப் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு, ஏனென்றால் இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. என்னோடு தமிழ்ப் பள்ளியில் படித்த சிலருக்கு என் விடை நேர்தலைகீழ். அவர்கள் சென்னையிலோ மதுரையிலோ பிறந்து, இரண்டு மூன்று வயதில், எச்-1பிகாரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இங்கே வந்தவர்கள். இந்தியர்களுக்கான பச்சை அட்டை வரிசை நகராததால், 21 வயதானதும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுகிறார்கள். மாணவர் விசாவுக்கு மாறி, பிறகு எச்-1பி குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்கிறார்கள். பேச்சிலும் பழக்கத்திலும் என்னைவிட அமெரிக்கர்கள், ஆனால் ஓட்டு இருப்பது இந்தியாவில். அவர்களில் ஒருத்தி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். நான் கொடுக்க முடியாத மனுவை அவள் தன் பெயரிலேயே கொடுக்கலாம். அவளுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளை எங்கே வளர்ப்பது நல்லது என்பதில் எனக்கு அனுபவம் இல்லை, இரண்டு ஊர்ப் பள்ளிகளையும் பெற்றோராகப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். சிறு நகர வாழ்க்கையைப் பற்றியும் நான் பேசத் தகுதியில்லை, எனக்குத் தெரிந்தது மடிப்பாக்கம் ஒன்றுதான்.

முதுமை விஷயம் இன்னும் திறந்தே இருக்கிறது. அப்பா அம்மா ஓய்வுக்குத் திருச்சி போகலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களுடைய சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அங்கேயும் வரும், முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வராது. மருத்துவச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும், அதற்கான கணக்கை மூவரும் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் போய்விட்டால் நான் விசாவுக்கு அஞ்சிய காரணம் பாதி காணாமல் போகும். அப்போது இந்த ஒப்பீட்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.