அய்யனார் குதிரையா, பாயும் குதிரையா?

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடி வரையும் நம்ம ஆட்களிடம் வரைந்து காட்ட ஒரு குதிரை வேண்டும் என்றால், என் ஓட்டு அய்யனார் கோயில் சுடுமண் குதிரைக்குத்தான். குழாய் மாதிரி நான்கு கால்கள், நிமிர்ந்த கழுத்து, பிதுங்கிய கண், கழுத்தில் மணி, சேணத்தில் பூவேலை. உடற்கூறு அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் உருவம் நிற்கும், தடித்த பிரஷ்ஷில் கோடு கொஞ்சம் நடுங்கினாலும் அது மண்ணின் சொரசொரப்போடு சேர்ந்துவிடும்.

பாயும் குதிரை வேறு கதை. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மாதிரி நாலே கோட்டில் வேகத்தைக் கொண்டுவர யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டி வரைந்தால், கூட்டத்தில் ஒருத்தராவது 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையை எடுத்த படங்களை எடுத்துக் காட்டுவார்: நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கித்தான் இருக்கின்றன. பாணி என்று சொல்லித் தப்பிக்கலாம், சரி, அதற்கும் கழுத்து வளைவு ஒரே இழுப்பில் வந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் பாய்ச்சல்தான் சட்டென்று கண்ணில் படும், மணியும் பூவேலையும் சின்னத் திரையில் காணாமல் போகும். நேரில் என்றால் சுடுமண் குதிரையே, ஏ3 தாளுக்குக் குறையாமல்.