மூணு எலெக்ஷன் தாண்டியும் அசையாத கட்டை: அப்பாவோட 315 ரைபிள், எட்டு வருஷ அனுபவம்

அப்பா காலத்துக்கப்புறம் லைசென்ஸ் மாறி என் பேருக்கு வந்த ரைபிள் இது. இச்சாப்பூர் ஃபேக்டரில செஞ்ச 315 ஸ்போர்ட்டிங். பேருதான் ஸ்போர்ட்டிங், உள்ள இருக்கறது அசல் பட்டாளத்து லீ என்ஃபீல்ட் மெக்கானிசம், ஸ்டேஷன் வாசல்ல பாரா நிக்கற போலீஸ்காரர் கையில சின்ன வயசுல பாத்தோமே அந்த 303-ஓட கூடப்பொறந்ததுதான். பட்டாளத்து தோட்டா பொதுஜனம் கைக்குப் போகக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே தடை இருந்ததால 315-ன்னு வேற சைஸ்ல வந்துச்சு, அவ்வளவுதான்.

வீடு கடலூர் தேவனாம்பட்டினம், பீச்சுக்கு நடந்தே போயிடலாம். உப்புக்காத்து இரும்பை என்ன பண்ணும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், மரத்தை என்ன பண்ணும்னு நான் இந்த ரைபிள்லதான் கத்துக்கிட்டேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஜன்னல் பேத்துக்கிட்டு பீரோ வரைக்கும் தண்ணி அடிச்சுது. அப்பா ரைபிளைத் தொடச்சு எண்ணெய் போட்டு வச்சாரு, இரும்பு தப்பிச்சுது. ஆனா இரும்பைத் தாங்கற வால்நட் மரக் கட்டை ஊறி உப்பி, அப்புறம் காஞ்சு சுருங்கிப் போச்சு, அது யார் கண்ணுக்கும் தெரியல.

சுட்டுப் பழகற ரேஞ்சுலதான் தெரிஞ்சுது. முதல் ரெண்டு குண்டு ஒரே இடத்துல விழும், மூணாவது நாலு விரக்கடை மேல இடதுபக்கம் போயிடும், அடுத்தது எங்கன்னே சொல்ல முடியாது. ஸ்க்ரூ எல்லாம் கல்லு மாதிரி டைட்டா இருக்கு. நான் தோட்டாவைக் குறை சொன்னேன், சைட்டைக் குறை சொன்னேன், ஒரு வருஷம் வீணாப் போச்சு.

2016 எலெக்ஷனுக்கு, துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கற எல்லாரையும் போல, ரைபிளை ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன். ஈர ரூம்ல சுவத்துல சாச்சு வச்சிருந்தாங்க, திரும்ப வாங்கறப்போ குழலுக்குக் கீழ இருக்கற முன்கட்டையைக் கையால பிடிச்சு ஆட்டினா லேசா 'டிக்'னு சத்தம். மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, அப்பா அப்படி வச்சிருந்த பொருள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், அங்க ஒரு வயசான பாய். ஆட்டிப் பாத்துட்டு ஒரே வார்த்தை, "தம்பி, ஸ்க்ரூ பிடிச்சிருக்கு, கட்டை பிடிக்கல".

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ட்ரிகர் கார்டுக்கு முன்னாடி இருக்கற பெரிய ஸ்க்ரூ ஒரு இரும்பு புஷ், அதாவது சின்னக் குழாய்த் துண்டு வழியா போகுது. மரம் சுருங்கிட்டா புஷ் போய் மேல இருக்கற இரும்புல முட்டிக்கும், இரும்பும் இரும்பும் இறுகிடும், நடுவுல மரம் சும்மா தொங்கும். நம்ம கைக்கு டைட்டாதான் தெரியும். அதோட சுடறப்போ பின்னால தள்ளற அடி முழுக்க, கட்டைக்குள்ள பின்பக்கமா இருக்கற ரெண்டு சின்ன மரமுகத்துலதான் விழுது, பாய் அதைத் தோள்னு சொல்லுவாரு. ரெண்டு தோளும் சமமா வாங்கணும், ஒண்ணு மட்டும் வாங்கினா ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு ஒரு பக்கமா திரும்பி உக்காரும். ரெண்டாம் உலகப்போர் சமயம் ஆஸ்திரேலியாவுல லித்கோ ஃபேக்டரில இதே லீ என்ஃபீல்டுக்கு வால்நட் இல்லாம உள்ளூர் மரத்துல கட்டை போட்டப்போ இதே தோள் இடத்துல செம்புத் தகடு வச்சாங்க, அந்த அளவுக்கு முக்கியமான இடம்.

முதல்ல நான்தான் அவசரப்பட்டேன், அரால்டைட் பூசி ரொப்பிடலாம்னு வற்புறுத்தினேன். பாய்க்கு மனசே இல்ல, நான் கேட்டதால செஞ்சு குடுத்தாரு. எட்டு மாசம்தான், பொறை மாதிரி உதிர்ந்து வந்துச்சு. வருஷக்கணக்கா துப்பாக்கி எண்ணெய் குடிச்ச மரத்துல எந்த பசையும் நிக்காது. அரால்டைட் மேல தப்பு இல்ல, மரத்தைத் தயார் பண்ணாதது எங்க தப்பு.

2017-ல ரெண்டாவது தடவை ஒழுங்கா செஞ்சோம். சாக் பவுடரை அசிட்டோன்ல கொழச்சு தோள் இடத்துல அப்பி வெச்சோம், காய காய பவுடர் பழுப்பா மாறும், அது உறிஞ்சின எண்ணெய். வெள்ளையாவே காயற வரைக்கும் விடல, ஆறு தடவை. அப்புறம் மெத்துனு போன மரத்தை உளியால எடுத்துட்டு ரெண்டு பக்கமும் துண்டு வச்சாரு. ஓடாம கிடந்த பழைய மாட்டுவண்டிச் சக்கரத்துக் குடத்துலேர்ந்து அறுத்த கருவேல மரத்தோட வைரம் பாஞ்ச நடுக்கட்டை, நாரோட தலைப்பக்கம் இரும்பைப் பாத்த மாதிரி. அந்தப் பக்கம்தான் அடி வாங்கினா நசுங்காது.

ஒட்டினதும் வேலை முடியல, அங்கதான் ஆரம்பம். விளக்குக் கரியைத் தேங்கா எண்ணெயில கொழச்சு இரும்புல மெல்லிசா தடவி, கட்டையை மாட்டி, உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டிக் கழட்டினா கரி ஒட்டின இடம் மட்டும் உசரம்னு அர்த்தம். இடது தோள்ல மொச்சைக்கொட்டை அளவுக்குக் கருப்பு, வலதுல ஒண்ணுமே இல்ல. கருப்பை மட்டும் உடஞ்ச கண்ணாடிச் சில்லால சொரண்டணும், திரும்ப மாட்டணும், திரும்பக் கழட்டணும். மூணு நாள் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கரி படிஞ்சப்போ பாய் கட்டையைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு, "பாரு, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி மை". கடைசியா புஷ்ஷை ஒரு துளி ராவிட்டாரு, இப்போ ஸ்க்ரூ இறுகறப்போ மரமும் சேந்து இறுகுது.

பராமரிப்புன்னு பெருசா இல்ல. புதுச்சேரி நேரு வீதியில வாங்கின காய்ச்சின லின்சீட் ஆயில், கட்டையோட உள்பக்கத்துக்கும் சேத்து, மழைக்கு முன்னாடி ஒரு தடவை. பொட்டுப் பொட்டா விட்டு உள்ளங்கைச் சூட்டுலயே தேய்க்கணும், அதிகம் ஊத்தினா பிசுபிசுன்னு நிக்கும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க.

ரெண்டு விஷயம் கட்டாயம் சொல்லணும். முன்கட்டையைக் கழட்டாம பின்கட்டைக்குள்ள இருக்கற நீள போல்ட்டைத் திருப்பவே கூடாது, அதோட சதுர முனை முன்கட்டைக்குள்ள உக்காந்திருக்கு, திருப்பினா கட்டை பொளந்துடும். அதே மாதிரி முன்கட்டையை மூக்குப்பக்கம் மட்டும் பிடிச்சு நெம்பாதீங்க, பின்னால தோள் தெறிச்சுடும், ரெண்டு முனையும் சமமா கீழ எறக்கணும். தோட்டா இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டுதான் எதுவா இருந்தாலும், வேலையும் லைசென்ஸ் உள்ள கடையில மட்டும்.

2019, 2021, 2024 மூணு எலெக்ஷனுக்கும் ஸ்டேஷன் போய் வந்தாச்சு. கடைசியா வாங்கிட்டு வந்தன்னைக்கு ராத்திரி ஆட்டிப் பாத்தேன், சத்தம் இல்ல. அடுத்த வாரம் ரேஞ்சுல அஞ்சு குண்டு, அஞ்சும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள்ள அடங்கிச்சு. அந்தப் பேப்பரை மடிச்சு பாய்கிட்ட குடுத்துட்டு வந்தேன்.